டாமினோ இருக்கும் தொட்டியில் க்ளவுன் ஜோடி: இதுவரை நடந்தது

ஈரோட்டில் எங்கள் வீட்டு ஆசாரத்தில் (முன்கூடத்தில்) நாலடிக் கடல் மீன் தொட்டி ஒன்று இருக்கிறது, சுமார் 250 லிட்டர். டாமினோ என்ற மீன் ஒன்று அதில் தனியாகவே வளர்ந்து வந்தது. அதோடு இப்போது க்ளவுன் மீன் ஜோடி ஒன்றைச் சேர்த்திருக்கிறேன். இன்றைய நிலவரம்: மூன்றும் ஒரே தண்ணீரில் இருக்கின்றன, மூன்றும் நன்றாகத் தின்கின்றன, எதன் வாலும் கிழியவில்லை. நம் பக்கம் புதிதாகக் கடல் தொட்டி வைப்பவர்கள் பலருக்கும் முதல் மீனாக டாமினோவைத்தான் கை காட்டுகிறார்கள். விலை குறைவு, லேசில் சாகாது. அப்புறம் க்ளவுன் மேல் ஆசை வரும்போதுதான் சிக்கல் ஆரம்பிக்கும். அவர்களுக்கு உதவட்டும் என்றுதான் விவரமாக எழுதுகிறேன்.

டாமினோ டாம்செல் குடும்பத்து மீன். வெல்வெட் துணி போன்ற கருப்பு உடம்பு, நெற்றியில் ஒரு வெள்ளைப் பொட்டு, முதுகை ஒட்டி இரு பக்கமும் ஒவ்வொரு பொட்டு. கடலில் இதன் குஞ்சுகள் அனிமோன் என்னும் கடல் சாமந்திக்குள் க்ளவுன்களோடு சேர்ந்தே வாழும். வளர வளர அனிமோனை விட்டு வெளியே வந்து பாறையைப் பிடித்துக்கொள்ளும், 14 சென்டிமீட்டர் வரைக்கும் போகும். ஆகவே க்ளவுன் என்றாலே இதற்கு ஆகாது என்று சொல்ல முடியாது. தான் குடியிருக்கும் பாறைக்குப் பக்கத்தில் எது வந்தாலும் ஆகாது, அவ்வளவுதான். என் டாமினோவுக்கு நாலடியும் தன் இடம். கண்ணாடி துடைக்கக் கை விட்டால் கையையே வந்து கொத்தும். வீட்டில் எல்லோருக்கும் அது கருப்பன்.

க்ளவுன்களைச் சென்னை கொளத்தூரில் வாங்கினேன். தொட்டியில் பிறந்து வளர்ந்த குஞ்சுகள்தான் வேண்டும் என்று கேட்டு வாங்கினேன். மண்டபத்தில் உள்ள மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் மையத்திலேயே க்ளவுன் குஞ்சு பொரிக்க வைக்கிறார்கள். கடலில் பிடித்து வந்ததைத் தேட வேண்டிய அவசியமே இல்லை. தொட்டியில் பிறந்தது உலர் தீனியைக் கூசாமல் தின்னும், நோயும் குறைவு. ஒன்று பெரியதாக, மற்றது அதில் முக்கால் அளவாகப் பார்த்து எடுத்தேன். க்ளவுன் எல்லாம் முதலில் ஆண்தான். கூட்டத்தில் வலுத்தது பெண்ணாக மாறும். இரண்டும் ஒரே அளவில் இருந்தால் யார் பெரியவர் என்று தங்களுக்குள்ளேயே அடித்துக்கொள்ளும். வெளியே கருப்பன் இருக்கும்போது உள்ளுக்குள்ளும் சண்டை வேண்டாம் என்று பட்டது.

ஏற்காடு எக்ஸ்பிரஸில் தெர்மோகோல் பெட்டியை மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தேன். ராத்திரிப் பயணம், மீனுக்கு இருட்டும் குளிர்ச்சியும் நல்லது. காலமும் தை மாதம்தான். சித்திரை வெயிலில் ஈரோட்டில் புது மீன் விடவே கூடாது என்பேன். தண்ணீர் சூடேறச் சூடேற அதில் கரையும் ஆக்சிஜன் குறையும், விரட்டுப்பட்டு மூச்சு வாங்கும் மீனுக்கு அது தாங்காது.

பை விஷயத்தில் ஒன்று சொல்லியே ஆக வேண்டும். மணிக்கணக்காகக் கட்டிக் கிடக்கும் பைக்குள் மீன் விடும் மூச்சால் பிஹெச் (அமில-கார அளவு) இறங்கியிருக்கும், கழிவால் அம்மோனியா ஏறியிருக்கும். பிஹெச் இறங்கியிருக்கும் வரை அந்த அம்மோனியா அவ்வளவாகக் கடிக்காது. பையைப் பிரித்ததும் பிஹெச் ஏறும், அம்மோனியா விஷமாகும். பிரித்து வைத்துவிட்டுச் சொட்டுச் சொட்டாக நேரக்கணக்கில் தண்ணீர் கலப்பது அதனால்தான் ஆபத்து. நான் கடைக்காரரிடம் அவர் தொட்டியின் உப்பளவைக் கேட்டு, தனித்தொட்டியில் அதே அளவில் தண்ணீர் தயாராக வைத்திருந்தேன். பையைப் பிரிக்காமல் மிதக்கவிட்டு வெப்பம் சமமானதும், பிரித்து மீனை மட்டும் கப்பில் எடுத்து மாற்றினேன். பைத் தண்ணீர் ஒரு சொட்டும் உள்ளே போகவில்லை. பிறகு சில நாட்களில் கொஞ்சம் கொஞ்சமாக உப்பை ஏற்றி, தண்ணீரின் ஒப்படர்த்தியை 1.025-க்குக் கொண்டுவந்தேன். எங்கள் போர் தண்ணீரில் சோப்பே நுரைக்காது, அதனால் எல்லாம் ஆர்ஓ தண்ணீரில் கலந்ததுதான்.

தனித்தொட்டியில் ஒரு மாதத்துக்குக் குறையாமல் வைத்திருந்தேன். நோய் பார்க்கத்தான் இது என்பார்கள். க்ளவுனுக்குத் தோலில் சளி கட்டி, மூச்சு வாங்கி, நாலைந்து நாளில் ஆளையே முடித்துவிடும் புரூக்ளினெல்லா என்ற ஒட்டுண்ணி இருக்கிறதே, அதற்காகவே இது வேண்டும். எனக்கு அதைவிடப் பெரிய லாபமாகத் தெரிந்தது வேறு. விரட்ட ஆளில்லாத இடத்தில் தின்று கொழுத்து, தைரியம் வந்த பிறகு கருப்பனைப் பார்க்கின்றன. மெலிந்து மிரண்டு வந்த மீனை நேராக அதன் முன்னால் விடுவதும் இதுவும் ஒன்றாகாது.

பெயர்ப் பலகைக்கு அக்ரிலிக் வெட்டும் கடையில் மூன்று மில்லி தகட்டில் ஒரு பெட்டி செய்து, நாலு பக்கமும் சின்னத் துளைகள் போட்டு, துளை ஓரங்களை உப்புத்தாளால் தேய்த்து வாங்கினேன். தொட்டிக்குள் விளிம்பில் கொக்கி போட்டுத் தொங்கவிட்டு க்ளவுன்களை அதற்குள் விட்டேன். கருப்பன் நேராக வந்தது. முதுகு முள் அத்தனையும் விறைத்து நிமிர, உடம்பைப் பக்கவாட்டில் திருப்பி நின்று, வாலை ஓங்கித் தண்ணீரை அடித்தது. அடுத்து நெற்றியால் பெட்டியை முட்டல். கண்ணாடியில் காதை வைத்தால் டக் டக்கென்று சத்தம் கேட்டது. க்ளவுன்கள் மூலையில் ஒன்றன் மேல் ஒன்று ஒட்டி நின்றன. ஒரு நாள் போனால் தணியும் என்று பார்த்தேன், தணிந்த மாதிரி தெரியவில்லை. தீனி போட்டால் தின்றுவிட்டு மறுபடி பெட்டியடியில் வந்து நின்றுகொள்ளும். பெட்டிக்கு எதிர்ப்பக்கம் வெளியே ஒரு முகம் பார்க்கும் கண்ணாடியைச் சாத்தி வைத்தேன். தன் உருவத்தோடு சண்டை போடப் போனது, கண்ணாடியை எடுத்ததும் திரும்பி வந்தது. க்ளவுன்கள் இளைப்பாறக் கொஞ்ச நேரம் கிடைக்க அது உதவும், அதற்கு மேல் நம்ப வேண்டாம்.

அப்போதுதான் அம்முச்சி (அம்மாவைப் பெற்ற பாட்டி) சொன்னது. சேர் போட்டுத் தொட்டிக்கு முன்னால் உட்கார்ந்து இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தது. "ஏங் கண்ணு, புதுக்கோழி வாங்கியாந்தா பஞ்சாரத்துல கமுத்தி வெச்சு, பழைய கோழிக பாத்துப் பழகுன பொறவு உடறது செரிதான். ஆனாப் பழசு ஓயாமக் கொத்துச்சுன்னா, பழசையப் புடிச்சுக் கமுத்திப் போட்டு, புதுசை மேய உடோணும். அப்பத்தான் அதுக்கு அடங்கும்."

இதைக் கேட்டதும் எனக்குப் பளிச்சென்று விளங்கியது. கருப்பனின் இடத்தில் க்ளவுன்களைப் பெட்டியில் வைத்தால் அவை எத்தனை நாளானாலும் வந்தேறிகள்தான். இடமே மாறி, அதில் க்ளவுன்கள் முன்னால் குடியேறியிருக்க, கருப்பன் பின்னால் வந்தால் கணக்கு வேறு.

பாறைக்குள் புகும் மீனை வலையால் பிடிக்கப் போனால் பாறையும் சரியும், மீனும் அடிபடும். பிளாஸ்டிக் பாட்டிலின் கழுத்தை வெட்டித் தலைகீழாகச் செருகி, ஸ்டோனி பாலம் மார்க்கெட்டில் வாங்கிய கடல் இறாலை ஒரு துண்டு உள்ளே வைத்து இறக்கினேன். தீனி என்றால் கருப்பனுக்குப் பயம் கிடையாது, சீக்கிரமே உள்ளே போய்விட்டது. அதைத் தனித்தொட்டிக்கு மாற்றிவிட்டு, பாறையை முழுக்கக் கலைத்தேன். என்னிடம் இருப்பது சிமெண்டிலும் சுட்ட மண்ணிலும் செய்த பாறைகள். கடலில் இருந்து பவளப் பாறை எடுக்க வனவுயிர் பாதுகாப்புச் சட்டத்தில் தடை, எடுக்கவும் வேண்டாம். நடுவில் ஒரே குன்றாக இருந்ததை இடம், வலம் என்று இரண்டு குன்றாக்கி, நடுவே ஒரு சாணுக்கு மேல் வெறும் மணல் விட்டேன். ஒரு குன்றில் இருந்து பார்த்தால் அடுத்த குன்றின் உள்பக்கம் தெரியக் கூடாது, அதுதான் முக்கியம். தண்ணீரை ஓட வைக்கும் வேவ்மேக்கர் மோட்டாரையும் இடம் மாற்றினேன். தண்ணீர் ஓடும் திசை மாறினாலே மீனுக்கு அது புது ஊர்.

விளக்கை அணைத்துவிட்டு க்ளவுன்களைத் திறந்து விட்டேன். வலது மூலையில், தண்ணீர் திரும்பி விழும் குழாய்க்குக் கீழே இரண்டும் இடம் பிடித்தன. க்ளவுனுக்கு அனிமோன் இருந்தே ஆக வேண்டும் என்பதில்லை. ஒரு மூலை போதும், அதையே வீடாக்கிக்கொள்ளும். அவை அங்கே உறுதியாகத் தங்கிவிட்டதை நன்றாகப் பார்த்துக்கொண்ட பிறகே கருப்பனைக் கொண்டுவந்தேன், இந்த முறை பெட்டிக்குள் அது.

உள்ளே இருந்தபடி அது பழைய குன்றைத் தேடியதைப் பார்க்க வேண்டும். பெட்டியின் ஒவ்வொரு பக்கமாகப் போய் நின்று பார்த்தது. முள் நிமிரவில்லை. பெரிய க்ளவுன் பெட்டிவரை வந்து பார்த்துவிட்டுத் திரும்பிப் போனது. கருப்பன் ஒருமுறை வாலடித்ததோடு சரி. பெட்டியில் இருந்தபடியே இறாலைத் துரத்தித் தின்னத் தொடங்கியதும், ஒரு சாயங்காலம் விளக்கு அணையும் நேரத்தில் திறந்து விட்டேன். நேராக இடது குன்றுக்குள் போய் ஒரு பொந்தைப் பிடித்தது. மறுநாள் விரட்டல் இருந்தது, இல்லாமல் இருக்காது. ஆனால் நடு மணலைத் தாண்டியதும் நின்றுவிடும், திரும்பிவிடும். விரட்டுவதையும் கடிப்பதையும் பிரித்துப் பார்க்க வேண்டும். துடுப்பு கிழிந்தால், தீனிக்கு வராமல் ஒளிந்தே கிடந்தால், மேல்மட்டத்தில் மூச்சு வாங்கினால் உடனே பிரித்துவிட வேண்டும். என் தொட்டியில் அப்படி எதுவும் இல்லை.

தீனியில் ஒரு ஒழுங்கு வைத்திருக்கிறேன். முதலில் இடது ஓரத்தில் கருப்பனுக்கு, அது வாய் நிறைய வைத்திருக்கும்போதே வலது ஓரத்தில் க்ளவுன்களுக்கு. பசியில் இருக்கும் டாமினோவுக்குத்தான் கோபம் அதிகம்.

க்ளவுன்களுக்குள்ளும் முடிவாகிவிட்டது. பெரியது பக்கத்தில் வந்தால் சின்னது உடம்பைச் சாய்த்து வெடவெடவென்று நடுங்கிக் காட்டுகிறது. ஏதோ நோய் என்று பயப்பட வேண்டாம், நீதான் பெரியவர் என்று பணிவதுதான் அது. குழாய்க்குக் கீழே சாய்வாக ஒரு ஓட்டுத் துண்டு வைத்திருக்கிறேன், பின்னாளில் முட்டையிட வசதியாக இருக்கும். கருப்பன் அந்தப் பக்கம் எட்டிப் பார்த்தால் இப்போது பெரிய க்ளவுனே விரட்டி அனுப்புகிறது. முட்டை வைத்தால் இந்தக் காவல் இன்னும் கடுமையாகும், கருப்பனும் வளரும். அதற்கு முன்னால் ஆறடித் தொட்டிக்கு மாற வேண்டும். வெல்டிங் பட்டறையில் ஸ்டாண்டுக்கு அளவு கொடுத்தாகிவிட்டது.