எட்டணா வலி

"அம்மாச்சி, வலி எவ்வளவு இருக்கு? ஒண்ணுமே இல்லேன்னா சைபர், தாங்கவே முடியலேன்னா பத்து. இப்ப எத்தனை?"

பித்தப்பை ஆபரேஷன் முடிந்து இரண்டாம் நாள். எழுபது வயதைத் தாண்டியவர், ஆண்டிபட்டிப் பக்கத்துக் கிராமம். நான் கேட்டதை இரண்டு முறை திரும்பக் கேட்டார். அப்புறம் வயிற்றில் கையை வைத்துக்கொண்டு, "நேத்து முழு ரூவா வலி தாயி. இன்னைக்கு எட்டணாதேன்" என்றார்.

கேஸ் ஷீட்டில் ஐந்து என்று எழுதினேன். ஐந்து என்றால் எங்கள் வார்டு வழக்கப்படி வலி மருந்து உண்டு. ஊசியோடு போனபோது கையைப் பிடித்துத் தடுத்துவிட்டார். "எட்டணாவுக்கு எதுக்குத் தாயி ஊசி? பன்னண்டணா ஆச்சுன்னா நானே கூப்பிடுறேன்."

அன்று நள்ளிரவுக்கு மேல் கூப்பிட்டார். "பன்னண்டணா வந்திருச்சு" என்றார். போட்டேன். தூங்கிவிட்டார்.

எனக்குத்தான் தூக்கம் வரவில்லை. அந்த அம்மாச்சியிடம் ஓர் அளவுகோல் இருந்தது. பதினாறு அணா அளவுகோல். அதில் எந்த இடத்தில் மருந்து வேண்டும் என்பதும் அவருக்குத் தெளிவாகத் தெரிந்திருந்தது. நாங்கள் கையில் வைத்திருந்த சைபர் முதல் பத்து வரையிலான கோட்டில் அந்த இடம் எங்கே விழும்? எட்டணாவை ஐந்து என்று நான் எழுதியது சரிதானா? முழு ரூபாயில் பாதி என்பது கணக்கு. வலியில் பாதி என்பதும் அதேதானா?

இதெல்லாம் நடந்து ஆறு வருடம் ஆகிறது. அறுவை சிகிச்சை வார்டில் ஸ்டாஃப் நர்ஸாக எனக்கு இது பத்தொன்பதாவது வருடம். பகுதி நேரமாக பிஎச்.டி. செய்கிறேன், மூன்றாம் ஆண்டு. தலைப்பு இந்த அம்மாச்சி கொடுத்ததுதான்: ஆபரேஷனுக்குப் பிறகு வரும் வலியைத் தமிழில் எப்படிக் கேட்பது, எப்படி அளப்பது.

தலைப்பைச் சொன்னபோது தெரிந்தவர்கள் பலரும், "ஏன் இவ்வளவு சிரமம்? ஒரு எஸ்.டி.பி. எடுத்துக்கோங்க" என்றார்கள். நர்சிங் படித்தவர்களுக்கு இது புரியும். மற்றவர்களுக்குச் சொல்கிறேன். ஸ்ட்ரக்சர்டு டீச்சிங் புரோகிராம். அறுபது பேரை உட்கார வைத்து முதலில் ஒரு கேள்வித்தாள் கொடுக்க வேண்டும். அப்புறம் படம் போட்ட அட்டைகளைப் புரட்டி முக்கால் மணி நேரம் பாடம். ஏழாம் நாள் அதே கேள்வித்தாள். மதிப்பெண் ஏறியிருக்கும். பாடம் நடத்திவிட்டு அதே கேள்வியைக் கேட்டால் ஏறாமல் என்ன செய்யும்? ‘கற்பித்தல் பயனுள்ளது’ என்று முடிவு எழுதி, பைண்டு செய்து, நூலகத்தில் வைத்துவிடலாம். என் எம்.எஸ்சி. ஆய்வேடும் அப்படிப்பட்டதுதான். அந்த அறுபது தாய்மார்களில் ஒருவர் வீட்டிலாவது அதனால் என்ன மாறியது என்று நான் போய்ப் பார்க்கவே இல்லை. அது இன்றைக்கும் என்னை உறுத்துகிறது.

எங்கள் துறை இப்படியா தொடங்கியது? கிரிமியப் போரின்போது துருக்கியின் ஸ்கூட்டாரியில் இருந்த பிரிட்டிஷ் ராணுவ மருத்துவமனையில் வீரர்கள் காயத்தால் செத்ததைவிடத் தொற்றுநோயால் செத்ததே அதிகம் என்பதை ஃப்ளோரன்ஸ் நைட்டிங்கேல் எண்ணிக் காட்டினார். 1858இல் அதை வட்டப் படமாகவே வரைந்து அரசாங்கத்தின் முன் வைத்தார். வார்டில் பார்த்ததை எண்ணினார், எண்ணியதை வைத்து வாதாடினார். அமெரிக்காவில் 1924லேயே கொலம்பியா பல்கலைக்கழகத்தின் டீச்சர்ஸ் காலேஜில் நர்ஸ்களுக்கு முனைவர் படிப்பு வந்துவிட்டது. நம் நாட்டில் டெல்லியிலும் வேலூரிலும் நர்சிங் பட்டப்படிப்பு தொடங்கியதே 1946இல்தான். முதுகலை 1959இல் டெல்லியில். பிஎச்.டி. பரவலானதெல்லாம் என் காலத்தில் நடந்தது. தாமதமாக வந்ததில் எனக்கு வருத்தம் இல்லை. வந்த பிறகு எதைக் கேட்கிறோம் என்பதுதான் என் கவலை.

கேள்வி சரியாக இருந்தால் என்ன ஆகும் என்பதற்கு லிண்டா ஐக்கனைச் சொல்வேன். அவரும் நர்ஸ்தான். 2002இல் அவர் குழு வெளியிட்ட ஆய்வு அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்து 168 மருத்துவமனைகளில், அறுவை சிகிச்சை செய்துகொண்ட 2,32,342 பேரின் விவரங்களைப் பார்த்தது. ஒரு நர்ஸ் கவனிக்கும் நோயாளிகளில் ஒருவர் கூடினால், 30 நாட்களுக்குள் நோயாளி இறக்கும் வாய்ப்பு 7 சதவீதம் கூடுகிறது என்று கண்டது. நைட் டியூட்டியில் மேஜை விளக்கடியில் இதைப் படித்தபோது வார்டில் நாற்பத்து மூன்று பேர் இருந்தார்கள். நாங்கள் இரண்டு பேர். ஒவ்வொரு நர்ஸும் உடம்பால் அறிந்த ஒரு விஷயத்தை யாரும் மறுக்க முடியாத எண்ணாக ஒருத்தி மாற்றியிருக்கிறாள். பிஎச்.டி. என்றால் எனக்கு அதுதான்.

சரி, என் வேலைக்கு வருகிறேன்.

கனடா உளவியலாளர் ரொனால்ட் மெல்சாக் 1975இல் வெளியிட்ட மெக்கில் வலிக் கேள்வித்தாளில் வலியைச் சொல்ல 78 ஆங்கிலச் சொற்கள், இருபது தொகுதிகளாக இருக்கின்றன. அதைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு நோயாளிகள் சொல்லும் சொற்களை ஒரு நோட்டில் எழுத ஆரம்பித்தேன். கடுக்குது. குடையுது. உளையுது. பிசையுது. விண்விண்ணுன்னு தெறிக்குது. சுரீர்ங்குது. இழுத்துப் பிடிக்குது. எரியுது. பாரமா இருக்கு. மொழிபெயர்ப்பு சரியா என்று பார்க்க, தமிழ்ச் சொற்களை விஷயம் தெரியாத ஒருவரிடம் கொடுத்து ஆங்கிலத்துக்குத் திருப்பச் சொல்வது முறை. கொடுத்தேன். உளைச்சல், கடுப்பு, நோவு மூன்றும் ஒரே ‘ஏக்கிங்’ (aching) என்ற சொல்லாகத் திரும்பி வந்தன.

ஆனால் வார்டில் அவை ஒன்றா? அடிவயிறு கடுக்குது என்று ஒருவர் சொன்னால் நான் முதலில் யூரின் ட்யூபைப் பார்ப்பேன், அடைத்திருக்கும். இருமும்போது சுரீர் என்றால் தையல். தலையணையை வயிற்றில் அணைத்துக்கொண்டு இருமச் சொல்லிக்கொடுப்பேன். கால் உளையுது என்றால் ஒரே பக்கமாக எவ்வளவு நேரம் படுத்திருக்கிறார் என்று கேட்பேன். நெஞ்சு பாரமா இருக்கு என்றால் எதுவும் கேட்காமல் டாக்டரைக் கூப்பிட ஓடுவேன், அவர் சொன்ன எண் இரண்டாக இருந்தாலும் சரி. எந்தச் சொல்லுக்கு எதைப் பார்ப்பது என்ற இந்த அறிவு நான் படித்த எந்தப் பாடப்புத்தகத்திலும் இல்லை. மூத்த சிஸ்டர்களிடமிருந்து ஷிஃப்ட் மாறும்போது வார்டை ஒப்படைக்கும் ஹேண்டிங் ஓவர் நேரத்தில் வாய்வழியாக வந்தது. அவர்கள் ஓய்வு பெறும்போது கூடவே போய்விடுகிறது.

ஆய்வுக்கு அனுமதி தரும் எத்திக்ஸ் கமிட்டியில் ஒரு பேராசிரியை கேட்ட கேள்வியை மறக்க மாட்டேன். "உங்க வார்டு நோயாளிகிட்டயே ஆய்வுக்கு சம்மதம் கேட்கப்போறீங்க. ஊசி போடுற சிஸ்டர் கேட்டா அவங்க எப்படி முடியாதுன்னு சொல்லுவாங்க?" நியாயமான கேள்வி. அதனால் வேறொரு மருத்துவமனையில், என் வாராந்திர லீவு நாளில், யூனிஃபார்ம் இல்லாமல் போய்த் தகவல் சேகரிக்கிறேன். இதுவரை நூற்றுப் பன்னிரண்டு பேர்.

சிரமங்களை ஒரு பத்தியோடு முடித்துக்கொள்கிறேன். படிக்க அனுமதிக் கடிதம் கிடைக்க எட்டு மாதம் ஆனது. நைட் முடித்து அப்படியே பஸ் ஏறி கைடைப் பார்க்கப் போன நாட்கள் நிறைய. பிள்ளைகளை மாமியார் பார்த்துக்கொண்டதால்தான் முடிகிறது. என்னைவிடக் கூர்மையான கேள்விகள் வைத்திருக்கும் சிஸ்டர்களை எனக்குத் தெரியும். அவர்களுக்கு இந்த உதவி இல்லை, அவ்வளவுதான்.

எனக்கு உண்மையிலேயே பயம் தருவது பட்டம் வாங்கிய பிறகு வருவது. இன்று ஒரு நர்ஸ் பிஎச்.டி. முடித்தால் அவளுக்கு முன்னால் இருக்கும் வழி கல்லூரி. பேராசிரியர், அப்புறம் முதல்வர். வார்டில் அவளுக்கென்று ஒரு பதவி கிடையாது. நோயாளி பக்கத்தில் நின்று கேட்கத் தெரிந்தவளை, கேட்கக் கற்றுக்கொண்ட அன்றைக்கே அங்கிருந்து அனுப்பிவிடுகிறோம். வேலூர் சி.எம்.சி.யில் கற்பிப்பதும் வார்டுப் பொறுப்பும் ஒன்றாக இணைந்த முறை பல காலமாக இருக்கிறது. பெரிய அரசு மருத்துவமனை ஒவ்வொன்றிலும் அப்படி ஓரிரு பதவிகளாவது வேண்டும்: பாதி நாள் வார்டு, பாதி நாள் ஆய்வு, சம்பளத்தோடு. 1947 நர்சிங் கவுன்சில் சட்டத்துக்குப் பதிலாக 2023இல் புதிய ஆணையச் சட்டம் வந்திருக்கிறது. விதிகளை எழுதுபவர்கள் இதை எழுத வேண்டும். ஆய்வேட்டின் முடிவுகளைத் தமிழில் நாலு பக்கமாவது எழுதி அந்த வார்டுக்கே திருப்பிக் கொடுக்க வேண்டும் என்பதையும் கட்டாயமாக்க வேண்டும். நான் கொடுக்கப்போகிறேன்.

என் வார்டில் ஒரு சின்ன மாற்றம் நடந்திருக்கிறது. வலி எண்ணுக்குப் பக்கத்தில் நோயாளி சொன்ன சொல்லையும் ஜூனியர் சிஸ்டர்கள் அப்படியே எழுதுகிறார்கள். ‘4, குடையுது.’ ‘6, இழுத்துப் பிடிக்குது.’ நான் எழுதச் சொல்லவில்லை. என் நோட்டைப் பார்த்துவிட்டு அவர்களாகவே ஆரம்பித்தது.

இதைப் படிக்கும் சிஸ்டர்களிடம் ஓர் உதவி கேட்கிறேன். என் நோட்டில் இருப்பதெல்லாம் மதுரை, தேனி, விருதுநகர் பக்கத்துச் சொற்கள். நாஞ்சில் நாட்டில், கொங்குப் பக்கம், டெல்டாவில், யாழ்ப்பாணத்தில் ஆபரேஷன் வலியை என்னென்ன சொல்கிறார்கள் என்று எழுதி அனுப்புங்கள். நோயாளியின் பெயர் வேண்டாம். வயது, எந்தப் பக்கத்துக்காரர், என்ன ஆபரேஷன், எத்தனையாவது நாள், அவர் சொன்ன சொல் அப்படியே. திருத்தாமல்.