எலி கேக்: இரண்டு நாள் ஏமாற்று அமைதி

எலி மருந்து என்பது ஒரே மருந்து இல்லை. டியூபில் வரும் பேஸ்ட் பெரும்பாலும் மஞ்சள் பாஸ்பரஸ், கல்லீரலைத் தின்னும். கறுப்புப் பொடி ஜிங்க் பாஸ்பைடு. வயிற்று அமிலம் பட்டதும் பாஸ்பீன் வாயுவைக் கக்கும். கேக், பிஸ்கட் என்று விற்பதில் வழக்கமாக இருப்பது 0.005 சதவீத புரோமாடியோலோன், ரத்தத்தை உறையவிடாது. மூன்றுக்கும் வைத்தியம் வேறு வேறு. நிறத்தைச் சொல்லிப் பயனில்லை, மிச்சமிருக்கும் அட்டையைக் கையோடு எடுத்துப் போங்கள்.

இங்கே பேச்சு கேக்கைப் பற்றி. ரத்தம் உறைய 2, 7, 9, 10 என்ற எண்களால் குறிக்கும் நான்கு காரணிகள் (ரத்தத்தில் உள்ள புரதங்கள்) வேண்டும். அவற்றைக் கல்லீரல் தயாரிக்க வைட்டமின் கே வேண்டும். ஒருமுறை பயன்பட்ட வைட்டமினைப் புதுப்பித்துத் தரும் நொதியைத்தான் இந்த விஷம் முடக்குகிறது. ஆனால் ஏற்கெனவே ரத்தத்தில் ஓடும் காரணிகளை அது தொடுவதில்லை. அந்த இருப்பு தீரும்வரை ஆள் நன்றாகவே இருப்பார். 7ஆம் காரணி சுமார் 6 மணி நேரத்தில் பாதியாகும்; 2ஆம் காரணிக்கு இரண்டு நாளுக்கு மேல் ஆகும். அதனால் முதல் நாள் ஐ.என்.ஆர். (ரத்தம் உறையத் தாமதமானால் ஏறும் பரிசோதனை எண்) சரியாக வந்தால் அதற்கு அர்த்தமே கிடையாது. 48 மணி நேரம் கழித்து மறுபடி பார்த்தே ஆகவேண்டும். "ஒண்ணும் ஆகல" என்று வீட்டுக்குக் கூட்டிப்போவது இந்த இடைவெளியில்தான். பிறகு ஈறில் கசிவு, காரணமில்லாமல் தோலில் நீலத் திட்டு, சிவந்த சிறுநீர், தார் போன்ற மலம். திடீரென்று மண்டை பிளக்கும் தலைவலி வந்தால் மூளைக்குள் கசிவாக இருக்கலாம்.

பத்து கிராம் கேக்கில் விஷம் அரை மில்லிகிராம்தான். தவழும் குழந்தை ஓரத்தைக் கடித்தால் பெரும்பாலும் ஒன்றும் ஆவதில்லை. என்றாலும் டாக்டர் பார்க்கட்டும். வேண்டுமென்றே தின்றவர், ஏற்கெனவே வார்ஃபரின், அசிட்ரோம் போன்ற ரத்தம் உறையாமல் தடுக்கும் மாத்திரை சாப்பிடுபவர் கதை வேறு. உடனே 108. உப்புத் தண்ணீர், சாணக் கரைசல் கொடுத்து வாந்தி எடுக்கவைப்பது தனி ஆபத்து.

மாற்று மருந்து வைட்டமின் கே1. அதே வைட்டமினின் இன்னொரு வகையான கே3 வேலைக்கு ஆகாது. முருங்கைக்கீரையும் ஆகாது: கீரையில் இருப்பது மைக்ரோகிராம் கணக்கு, இதற்குத் தேவை மில்லிகிராம் கணக்கு. கே1 வேலை செய்யச் சில மணி நேரம் பிடிக்கும். ரத்தம் கொட்டினால் அதற்குள் பிளாஸ்மா (உறையவைக்கும் காரணிகள் உள்ள ரத்தத்தின் நீர்ப்பகுதி) ஏற்ற வேண்டியிருக்கும். ரத்தம் உறையாதவருக்குக் கே1ஐத் தசை ஊசியாகப் போட்டால் அங்கேயே ரத்தம் கட்டும். பரிசோதனைக்கு முன்பே "எதற்கும் இருக்கட்டும்" என்று கே1 கொடுப்பதும் தவறு, ஐ.என்.ஆர். ஏறுவதைத் தள்ளிப்போட்டு எல்லாரையும் ஏமாற்றும்.

1948இல் எலி மருந்தாக வந்த வார்ஃபரின் சில நாளில் உடலைவிட்டுப் போய்விடும். அதற்கு எலிகள் பழகிப்போனதால் வந்த புரோமாடியோலோன், புரோடிஃபாகம் வகை கல்லீரலில் ஒட்டிக்கொண்டு வாரக்கணக்கில், சிலருக்கு மாதக்கணக்கில் வேலை செய்யும். 2018இல் அமெரிக்காவின் இல்லினாய்ஸில் புரோடிஃபாகம் கலந்த செயற்கைக் கஞ்சாவைப் புகைத்த 150க்கும் மேற்பட்டோர் ரத்தம் கசிந்து ஆஸ்பத்திரியில் சேர்ந்தார்கள். டிஸ்சார்ஜ் ஆன பிறகும் பலருக்குக் கே1 மாத்திரை தொடர வேண்டியிருந்தது.

நம் ஊரிலும் கோட்டை விடும் இடம் இதுதான். ஐ.என்.ஆர். இறங்கியதும் மாத்திரையை நிறுத்திவிடுவார்கள். சில நாளில் மறுபடி கசியும். நிறுத்துவதை டாக்டர்தான் சொல்லவேண்டும், நிறுத்திய இரண்டாம் நாளும் அடுத்த வாரமும் ஐ.என்.ஆர். பார்க்கவேண்டும்.