டின்னின் அடியில் இருந்த தேதி

"அண்ணே, இது ஐபிஏ. கசப்பு தூக்கலான கிராஃப்ட் பீர், சின்ன ஆலையில காய்ச்சினது. குடிச்சுப் பாருங்க."

சுங்கை சிப்புட் ஒட்டுக்கடையில், கோலாலம்பூரிலிருந்து வந்த சித்தி மகன் டின்னை நீட்டினான்.

முதல் மடக்கில் தம்புன் பம்ளிமாஸ் தோல் வாசம், லேசாக. அப்புறம் வெறும் கசப்பு. வேப்பங்கொழுந்தை மென்ற மாதிரி நாக்கடியிலேயே உட்கார்ந்துவிட்டது.

பலருக்குப் பிடிக்காது, ஆனாலும் சொல்கிறேன். கசப்பை ஏற்றுவது வித்தையே இல்லை. பீருக்குக் கசப்பும் வாசமும் தரும் ஹாப்ஸ் பூவை அதிக நேரம் கொதிக்கவிட்டால் கசப்பு ஏறும், வாசம் ஆவியாகிவிடும். அதனால்தான் வாசத்துக்கான ஹாப்ஸைக் கடைசியில் போடுகிறார்கள். நம்மூர் வெக்கையில் மாசக்கணக்கில் அலமாரியில் கிடந்தால் அந்த வாசமும் போச்சு.

எனக்கு நல்ல லாகர் பீர்தான் பெரிசு. 10 டிகிரி பக்கம் குளிரில் பொறுமையாகப் புளிக்க வேண்டும். சின்னத் தப்பு நடந்தாலும் மறைக்க அதில் ஒன்றும் கிடையாது.

தாத்தா தோட்டத்தில் கள்ளு குடித்தவர். காலையில் இறக்கியது மத்தியானம் ஒரு ருசி, பொழுது சாய்ந்தால் வேறு ருசி. மறுநாள் கள்ளைத் தொடவே மாட்டார்.

"தம்பி, அடியில தேதி என்ன போட்டிருக்கு பாரு."

திருப்பிப் பார்த்தான். நிரப்பி எட்டு மாசம்.