காரணம்: குடும்பச் சூழ்நிலை

திருப்பூரில் ஒரு பின்னலாடை ஏற்றுமதி நிறுவனத்தில், ஆட்களின் வருகைக் கணக்கைப் பார்க்கும் டைம் ஆபீஸில் ஆறு ஆண்டுகள் வேலை பார்த்தேன். வேலையிலிருந்து நின்றுகொள்பவர்களுக்குக் கணக்கு முடித்துக் கொடுப்பது என் பொறுப்பு. அங்கே சேர்ந்திருந்த விலகல் கடிதங்களைப் படிப்பவர், கொங்கு நாட்டில் இத்தனை வீடுகளிலா சிக்கல் என்று மலைத்துப்போவார். ஏறக்குறைய எல்லாவற்றிலும் ‘குடும்பச் சூழ்நிலை காரணமாக’ என்ற ஒரே வரிதான் இருக்கும். எழுதியவர்களில் பலர் அடுத்த திங்கட்கிழமையே பல்லடம் சாலையில் வேறொரு கம்பெனியின் மெஷினில் உட்கார்ந்திருப்பார்கள்.

பிளாட்லாக் என்ற தையல் மெஷினில் தைக்கும் டைலரான ஓர் அக்காவின் கணக்கை மட்டும் என்னால் மறக்க முடியவில்லை. ஊசி முனை மழுங்கினால் பின்னல் துணியின் இழை அறுந்து பொடிப்பொடியாக ஓட்டை விழும். உடைந்த ஊசியின் துண்டு உடுப்புக்குள் தங்கிவிடக் கூடாது என்பதற்காக, எல்லாத் துண்டுகளையும் ஒப்படைத்த பிறகே புது ஊசி தருவார்கள், நல்ல ஏற்பாடுதான். ஆனால் அவருடைய ஊசி உடையவில்லை, மழுங்கியிருந்தது. காலையிலிருந்து இரண்டு முறை கேட்டும் மாற்றித் தரவில்லை. மாலையில் ஓட்டை விழுந்த பீஸ்கள் செக்கிங்கிலிருந்து திரும்பி வந்தபோது, புரொடக்‌ஷன் மேனேஜர் அவற்றை அவர் மடியில் வீசி, லைன் முழுக்கக் கேட்கும்படி, “உனக்கெல்லாம் மெஷின் எதுக்கு? போய்க் கைமடி” என்றார். கைமடிப்பது, வேலைக்குப் புதிதாக வரும் சிறு பெண்களுக்குக் கொடுக்கும் வேலை. அவரோ 14 ஆண்டுகளாகத் தைப்பவர்.

மறுநாள் காலை கணக்குக் கேட்டு வந்தார். அப்போது நடப்பிலிருந்த 1972-ஆம் ஆண்டுப் பணிக்கொடைச் சட்டப்படி, ஐந்தாண்டு முடித்தவருக்கு ஆண்டுக்கு 15 நாள் சம்பளம் கிடைத்தது. எங்கள் கம்பெனியில் அவருக்கு நான்கு ஆண்டும் நான்கு மாதமும்தான் ஆகியிருந்தன. மாதம் 10,400 ரூபாய்க்கு 26 நாள் கணக்கில் வகுத்துப் பெருக்கி, ஐந்தாண்டுக்கு 30,000 ரூபாய் வரும் என்று எழுதிக் காட்டி, இன்னும் கொஞ்சம் மாதம் பல்லைக் கடித்துக்கொண்டு இருக்கச் சொன்னேன். “முப்பதாயிரத்தைப் பாத்தா அதுவரைக்கும் தெனமும் மடியில உழுவற பீஸைப் பொறுக்கோணுமுங்க தம்பி. முடிச்சுக் குடுத்துருங்க” என்றார்.

பீஸுக்குச் சில பைசா கூடக் கொடுத்துப் பக்கத்துக் கம்பெனிக்காரர்கள் ஆளை இழுக்கிறார்கள் என்பது முதலாளியின் கணிப்பு. அதுவும் நடப்பதுதான். ஆனால் தீபாவளி போனஸை வாங்கிக்கொண்டு ஊருக்குப் போனவர்கள், பண்டிகை முடிந்து அதே திருப்பூருக்குத் திரும்பியும் எங்கள் கேட்டுக்குள் வராததற்குப் பைசா மட்டும் காரணமாக இருக்க முடியாது. கேலப் என்ற கருத்துக்கணிப்பு நிறுவனம் 2015-இல் வெளியிட்ட அமெரிக்க ஆய்வில், ஏறத்தாழ இருவரில் ஒருவர், தம் வாழ்நாளில் ஒருமுறையேனும் மேலாளரிடமிருந்து தப்பிப்பதற்காகவே வேலையை விட்டதாகச் சொல்லியிருக்கிறார்கள். எனக்கு அது வியப்பாக இல்லை.

அந்த மேனேஜரும் மெஷினில் உட்கார்ந்து மேலே வந்தவர்தான். வேகமாகத் தைத்தவரை சூப்பர்வைசராக்கினார்கள். ஆட்களிடம் எப்படிப் பேசுவது என்று யாரும் சொல்லித்தரவில்லை. கப்பலேறும் தேதி மட்டும் அவர் கழுத்தை நெரித்தது. இதை நியாயமாகச் சொல்லவில்லை, நடந்த விதத்தைச் சொல்கிறேன். அக்கா போன இரண்டு வாரத்தில் அதே லைனிலிருந்து மூன்று டைலர்கள் அவர் பின்னால் போனார்கள். லைன் நின்று, கப்பலில் போகவேண்டிய சரக்கு விமானத்தில் போனது. அந்த வாடகையில் எத்தனை பெட்டி ஊசி வாங்கலாம் என்று யாரும் கணக்குப் பார்க்கவில்லை.

அக்காவுக்கு எழுத வராது என்பதால் விலகல் கடிதத்தை நானே எழுதினேன். நடந்ததையே காரணமாக எழுதட்டுமா என்று கேட்டேன். பதறிப்போய், “வேண்டாமுங்க தம்பி, நாளைக்கு நான் போற கம்பெனிக்கு இவரே மேனேஜரா வந்துட்டா?” என்றார். குடும்பச் சூழ்நிலை என்று எழுதிக் கையெழுத்துக்கு நீட்டினேன்.