ராம்லல்லாவின் சந்நிதியில் ஒரு நாட்டியக் காணிக்கை

அயோத்தி ராமர் கோயிலில் 2024 ஜனவரி 22 அன்று குழந்தை ராமனான ராம்லல்லாவுக்குப் பிராணப் பிரதிஷ்டை ஆயிற்று. அதைத் தொடர்ந்து நடந்த ராக சேவை என்ற இசை, நாட்டியக் காணிக்கையில், 90 வயது வைஜயந்திமாலா அம்மா ராம்லல்லாவின் எதிரே ஆடினார். பார்த்தசாரதிப் பெருமாள் எழுந்தருளியிருக்கும் திருவல்லிக்கேணியில் பிறந்தவர். சிறுமியாக 1940-இல் வாத்திகனில் போப்பாண்டவர் முன் ஆடியவர். 1949-இல் ‘வாழ்க்கை’ படத்தில் தொடங்கி இந்தித் திரையின் உச்சிக்குப் போனார். திரையை விட்ட பிறகும் நாட்டியத்தை விடவில்லை. பரதநாட்டியக் கச்சேரிக்கு முறை வகுத்த சகோதரர்களான தஞ்சை நால்வர் வழிவந்த ஆசான் கிட்டப்பா பிள்ளையிடம் பழைய நாட்டிய உருப்படிகளைத் தேடித் தேடிப் பாடம் செய்தவர். அத்தனை ஆண்டுச் சாதகத்தையும் கொண்டுபோய் ஒரு குழந்தையின் காலடியில் வைத்தார். வேறென்ன பாக்கியம் வேண்டும்!

வீட்டில் நாட்டியம் பயிலும் பெண்ணை அந்தச் சந்நிதிக்கு அழைத்துப் போவதாக வேண்டிக்கொண்டவர்கள் சில விஷயங்களை முன்பே தெரிந்துகொள்வது நல்லது. சலங்கையைத் திருவடியில் வைத்து வாங்கும் பழக்கம் அங்கே நடக்காது. பூ, மாலை, பிரசாதம் எதுவும் கொண்டுவர வேண்டாம் என்று கோயில் அறக்கட்டளையே கேட்டுக்கொண்டிருக்கிறது. பையும் கைபேசியும் லாக்கரோடு நின்றுவிடும். அதனால் நம் ஊர்ப் பெருமாளிடம் சலங்கையை வைத்து வாங்கிக்கொண்டு புறப்படுவதே சரி. சரயுவில் அதை முக்கவும் வேண்டாம். தோல் பட்டை ஊறும், நூல் இற்று மணிகள் உதிரும். விரலால் நாலு துளி தெளித்தால் போதும், சரயுத் தாய் ஏற்றுக்கொள்வாள்.

ராமேசுவரத்திலிருந்து வாராந்திர ரயில் உண்டு. அது போய் நிற்பது அயோத்தி கண்டோன்மென்ட், அதாவது பழைய ஃபைசாபாத். கோயிலுக்குப் பக்கத்தில் இருப்பது அயோத்தி தாம் நிலையம். இரண்டையும் குழப்பிக்கொண்டு தங்குமிடம் பிடித்தால் அலைச்சல்தான். மார்கழி, தை மாதங்களில் மூடுபனியால் ரயில்கள் மணிக்கணக்கில் தாமதமாகும். இறங்கிய நாளிலேயே ஆரத்திக்குச் சீட்டு எடுத்து வைத்தால் அது வீணாகும். ஒரு நாள் இடைவெளி விட வேண்டும்.

அதிகாலை மங்கள ஆரத்தி, காலை சிருங்கார ஆரத்தி, இரவு சயன ஆரத்தி ஆகியவற்றுக்கு அனுமதிச்சீட்டு வேண்டும். அதுவும் இலவசம். சாதாரண தரிசனத்துக்குச் சீட்டே கிடையாது. இதைத் தெரிந்துகொள்ளாதவர்களைத்தான் தெருவில் நிற்கும் தரகர்கள் பிடித்துக்கொள்கிறார்கள். “விஐபி தரிசனம்” என்று ஆயிரக்கணக்கில் பேரம் பேசுவார்கள். காசு வாங்கித் தரிசனம் செய்து வைப்பதாக யார் சொன்னாலும் அது மோசடி என்று அறக்கட்டளை வெளிப்படையாக அறிவித்த பிறகும் இது ஓயவில்லை. பக்தியோடு வருகிறவர்களின் அவசரத்தை விற்றுப் பிழைப்பது மகா பாவம். பெரியவர்களுக்குச் சக்கர நாற்காலி இலவசம். தள்ளும் பையனுக்கு மட்டும் சிறு கூலி. ஆனால் அது வளாகத்துக்குள்தான். கோயிலுக்குப் போகும் பெரிய சாலையான ராம பாதையில் கூட்ட நாட்களில் தடுப்பு போட்டுவிட்டால் ஆட்டோவும் வராது. முழங்கால் வலி உள்ளவர்கள் அந்த நடைக்கும் சேர்த்தே யோசிக்க வேண்டும்.

முதலில் அனுமன்கடி என்ற அனுமன் கோயில், 76 படி. அவர் உத்தரவு பெற்றுத்தான் ராமனிடம் போவது. பெரிய கோயிலான ராமர் கோயிலில் கிழக்கு வாசல் வழியாக 32 படி ஏறியதும் முதலில் கால் படுகிற மண்டபத்தின் பெயரே நிருத்திய மண்டபம்! அதைக் கடந்து ரங்க மண்டபம், பிறகு சபா மண்டபம், அதற்கப்பால் கருவறை. ஆடிக்கொண்டே இறைவனிடம் போ என்று சிற்பிகளே வழி போட்டு வைத்தது போல இருக்கிறது. குளிர்காலத்தில் கல் தரை பாதத்தைச் சில்லிட வைக்கும். அந்தத் தரையில்தான் அந்த அம்மாவின் பாதங்கள் தாளம் தட்டின என்று நினைத்தால் குளிர் எங்கே போயிற்று என்றே தெரியாது.

கூட்டம் தள்ளும். நிற்க விடமாட்டார்கள். பக்கத்தில் பார்க்காமல், மண்டபத்துக்குள் நுழைந்த நொடியிலிருந்தே கண்ணை எதிரே வைக்க வேண்டும். இல்லாவிட்டால் தலைகளுக்கு நடுவே ராமன் கண்ணில் படாமலே போய்விடுவான். 51 அங்குல உயரத்தில், ஐந்து வயதுப் பாலகனாக, கருங்கல்லில் நிற்கிறான். வில்லைப் பார்ப்பதா, திருவடியைப் பார்ப்பதா என்று தடுமாறும்போதே அந்தச் சிரிப்பு இழுத்துக்கொள்ளும். குலசேகராழ்வார் தாலேலோ என்று பாடிய குழந்தை! கேட்க வந்த வரமெல்லாம் மறந்து, ‘தூங்கினாயா, சாப்பிட்டாயா அப்பா’ என்றுதான் வாயில் வரும். அபிநயத்தில் தாயாக நின்று தாலாட்டிப் பழகிய பெண்ணுக்கு அந்த நொடியில் எதையும் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. கை தானாகத் தொட்டில் பிடிக்கும். ராமா, உன்னைப் பார்க்கக் கண் கொடுத்தாயே!

அயோத்தி ஆழ்வார்கள் பாடிய திவ்ய தேசம். அந்த மங்களாசாசனத்துக்கு, தென்னாட்டு அமைப்பில் உள்ள அம்மாஜி மந்திர் என்ற கோயிலையும் சேவித்துவிட வேண்டும். கூட்டம் குறைவு, நிம்மதியாக நிற்கலாம்.

ஆடுவதற்கு முன் பூமியை வணங்கும் தட்டிக்கும்பிடலைப் பெரிய கோயிலில் நின்று செய்ய இடம் கிடைக்காது. குனிந்தால் பின்னால் வருகிறவர்கள் மேலே விழுவார்கள். ஏறும்போது கடைசிப் படியை ஒரு விரலால் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டால் பூமாதேவிக்குச் செய்ய வேண்டிய வணக்கம் அதிலேயே அடங்கும்.