பசிக்கிறது என்று மாத்திரையை நிறுத்தியவர்

எங்கள் வீட்டு காம்பவுண்டு சுவரைக் கட்டிய கொத்தனார் அண்ணன் இரண்டு தெரு தள்ளித்தான் இருக்கிறார். மூன்று நான்கு வருடங்களுக்கு முன்பு அவருக்கு இருமல் வந்தது. முதலில் மெடிக்கல் ஷாப்பில் சொல்லி ஒரு சிரப், அது கேட்கவில்லை என்று இன்னொரு சிரப், அப்புறம் ஒரு கிளினிக்கில் ஊசி, இப்படியே இரண்டரை மாதம் ஓடிவிட்டது. அரசு ஆஸ்பத்திரிக்கு ஏன் போகவில்லை என்று கேட்டேன். போனால் ஒரு நாள் கூலி போச்சு, ரிசல்ட் வாங்கப் போனால் இன்னொரு நாள் போச்சு, அதற்குள் மேஸ்திரி வேறு ஆளைப் போட்டுவிடுவார் என்றார். கடைசியில் சாரத்தில் ஏற முடியாமல் மூச்சு வாங்கி உட்கார்ந்த பிறகுதான் சளி டெஸ்ட் எடுத்தார்கள். டிபி. எடை 41 கிலோ.

மாத்திரை இலவசம், ஆறு மாதம் தினமும் போட வேண்டும். எடையைப் பார்த்துத்தான் எத்தனை மாத்திரை என்று முடிவு செய்வார்கள், அவருக்கு மூன்று. சிறுநீர் ஆரஞ்சு நிறத்தில் போகும், பயப்படாதீர்கள் என்று முதல் நாளே சொல்லி அனுப்பியிருந்தார்கள் (அப்படியும் பயந்துபோய் எனக்கு போன் செய்தார்). ஒரு மாதத்தில் இருமல் குறைந்தது, முகத்தில் கொஞ்சம் தெளிவு வந்தது. அப்புறம் ஒரு நாள் தெருவில் பார்த்து மாத்திரை போடுகிறீர்களா என்று கேட்டதற்கு, நிறுத்திப் பத்து நாள் ஆகிறது என்கிறார்.

நான் கத்திவிட்டேன். பாதியில் விட்டால் கிருமி மருந்துக்கு அடங்காததாக மாறிவிடும், வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருக்கிறார்கள் என்று எனக்குத் தெரிந்ததையெல்லாம் ஒப்பித்தேன். முழுவதையும் கேட்டுவிட்டு மெதுவாகச் சொன்னார்: "தம்பி, அந்த மாத்திரையைப் போட்டா பசி ஆளையே தின்னுது. வேலைக்கும் போகாம உட்கார்ந்திருக்கேன். பிள்ளைங்க தட்டுல இருக்கறத எடுத்தா திங்க முடியும்?"

என்னிடம் பதில் இல்லை. நோய் முற்றியிருந்தபோது அவருக்குப் பசியே எடுக்கவில்லை, அதனால் வீட்டில் அரிசி ஓரளவு தாக்குப் பிடித்திருக்கிறது. மருந்து வேலை செய்யத் தொடங்கியதும் உடம்பு இழந்ததைத் திரும்பக் கேட்கிறது. அதாவது குணமாவதன் அறிகுறிதான் அவரைப் பயமுறுத்தியிருக்கிறது. இவர் ஒருவர் மட்டும் இல்லை, ஆப்பிரிக்க நாடுகளிலும் டிபி நோயாளிகள் இதையே சொல்லியிருக்கிறார்கள் என்று பின்னால் படித்தேன். மாத்திரை போட்டால் பசிக்கிறது, சாப்பாடு இல்லாதபோது எதற்கு அதைப் போடுவது என்று.

அன்றிலிருந்துதான் இதைப் பற்றித் தேடித் தேடிப் படிக்க ஆரம்பித்தேன். படித்ததில் என்னை ரொம்ப நாள் விடாமல் பிடித்துக்கொண்டது நம் சென்னையிலேயே நடந்த ஒரு கதை.

1950களில் டிபி என்றால் சானடோரியம்தான். காற்றோட்டமான இடம், முழு ஓய்வு, பால், முட்டை, மாதக்கணக்கில் படுக்கை. தாம்பரத்துக்கு அடுத்த ரயில் நிலையத்துக்கு இன்றும் அந்தப் பெயர்தான், அங்கே இறங்கும் பாதிப் பேருக்கு அது ஒரு நோயால் வந்த பெயர் என்று தெரிந்திருக்காது. ஆனால் நாட்டில் இருந்த நோயாளிகளின் எண்ணிக்கைக்கும் படுக்கைகளின் எண்ணிக்கைக்கும் சம்பந்தமே இல்லை. அதனால் 1956-ல் சேத்துப்பட்டில் ஒரு ஆய்வு மையம் தொடங்கினார்கள். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், மெட்ராஸ் அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டனின் மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் எல்லாம் சேர்ந்து செய்தது, முதலில் தலைமை தாங்கியவர் வாலஸ் ஃபாக்ஸ். ஏழை நோயாளிகளில் ஒரு பாதியை சானடோரியத்துக்கு அனுப்பினார்கள். மறுபாதிக்கு அதே மருந்தைக் கொடுத்து அவரவர் வீட்டிலேயே வைத்தார்கள், அதே நெரிசல், அதே அரைவயிற்றுச் சாப்பாடு, அதே வேலை. ஒரு வருடம் கழித்துப் பார்த்தால் வீட்டில் இருந்தவர்களில் 86 சதவீதம் பேருக்கு நோய் அடங்கியிருந்தது. சானடோரியத்தில் 92. வீட்டில் உள்ளவர்களுக்குத் தொற்றும் அபாயமும் கூடிவிடவில்லை. முடிவுகள் 1959-ல் வெளியாயின, உலகம் முழுக்க சானடோரியங்கள் மெல்ல மெல்ல மூடப்பட்டதில் அந்த ஆய்வுக்குப் பெரிய பங்கு உண்டு.

எனக்கு அதில் பெருமைதான். ஏழை, வேலையையும் குடும்பத்தையும் விட்டுவிட்டு வருடக்கணக்கில் படுத்துக் கிடக்க வேண்டாம் என்று ஆக்கிய ஆய்வு அது. ஆனால் அதிலிருந்து உலகம் எடுத்துக்கொண்ட பாடத்தில்தான் ஒரு கோணல். சாப்பாடு சரியில்லாமலே மருந்து குணப்படுத்துகிறது என்பதை, அப்படியானால் சாப்பாடு நம் பொறுப்பு இல்லை என்று வசதியாகப் புரிந்துகொண்டார்கள். யாருக்கு நோய் வருகிறது, குணமாவதற்குள் யார் செத்துப் போகிறார்கள் என்பதெல்லாம் வேறு கேள்விகள். அவற்றை ஓரமாக வைத்துவிட்டு மாத்திரையை மட்டும் எண்ணிக்கொண்டிருந்தார்கள், பல பத்தாண்டுகளுக்கு.

அந்த வேறு கேள்விகளுக்கு நேரடியாகப் பதில் தேடிய பெரிய ஆய்வு ஜார்க்கண்டில் நடந்தது, 2019 முதல் 2022 வரை. அனுராக் பார்கவா, மாதவி பார்கவா என்ற மருத்துவத் தம்பதியின் முயற்சி. 2,800 நோயாளிகள், அவர்களின் வீட்டில் இருந்த பத்தாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள். நோயாளிகள் எல்லாருக்கும் மாதம் பத்து கிலோ உணவுப் பொருள்: அரிசி, பருப்பு, பால் பவுடர், எண்ணெய். பாதிக் குடும்பங்களில் மட்டும் வீட்டில் உள்ள மற்றவர்களுக்கும் தலைக்கு மாதம் ஐந்து கிலோ அரிசி, ஒன்றரை கிலோ பருப்பு, கூடவே சத்து மாத்திரை. அவ்வளவுதான், வேறு எந்தப் புது மருந்தும் கிடையாது. அப்படி வாங்கியவர்களிடையே புதிதாக டிபி வருவது சுமார் 39 சதவீதம் குறைந்தது, தொற்றக்கூடிய நுரையீரல் டிபி சுமார் பாதியாகவே குறைந்தது. இந்த அளவுக்குத் தடுக்கும் ஒரு தடுப்பூசி வந்திருந்தால் எல்லாத் தொலைக்காட்சியிலும் அதுதான் ஓடியிருக்கும். ரேஷன் பை என்பதால் யாருக்கும் சுவாரசியம் இல்லை.

இன்னொன்றையும் கவனித்தார்கள். சேர்ந்தபோது ஐந்தில் நான்கு நோயாளிகள் எடை குறைந்தவர்கள், பாதிப் பேர் மிக மோசமாக மெலிந்தவர்கள். முதல் இரண்டு மாதத்தில் எடை ஐந்து சதவீதம் கூடியவர்களிடம் இறப்பு 61 சதவீதம் குறைவாக இருந்தது. 41 கிலோ ஆளுக்கு ஐந்து சதவீதம் என்றால் இரண்டு கிலோ. இரண்டு கிலோ!

இது இந்தியாவின் கதை மட்டும் இல்லை. உலகத்தில் நான்கில் ஒருவர் உடம்பில் டிபி கிருமி இருக்கிறது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு, ஆனால் அவர்களில் பத்தில் ஒருவருக்கும் குறைவாகத்தான் நோயாக மாறும். அந்த ஒருவர் யார் என்பதைப் பெருமளவுக்கு அவருடைய தட்டும், வீடும், வேலையும் தீர்மானிக்கின்றன. தென்னாப்பிரிக்கத் தங்கச் சுரங்கங்களுக்கு லெசோத்தோ என்ற குட்டி நாட்டிலிருந்து தலைமுறை தலைமுறையாக ஆண்கள் வேலைக்குப் போனார்கள். பாறைத் தூசு நுரையீரலில் படிந்து சிலிகோசிஸ் என்ற நோய் வரும், அந்த நுரையீரலில் டிபி சுலபமாகக் குடியேறும், நெரிசலான விடுதி வேறு. ஊருக்குத் திரும்பும்போது சம்பளத்தோடு நோயும் வந்தது. இன்றும் டிபி மிக அதிகமாக உள்ள நாடுகளில் லெசோத்தோ ஒன்று. அந்தத் தொழிலாளர்களுக்கு 500 கோடி ராண்ட் இழப்பீடு தரும் ஒப்பந்தத்தை நீதிமன்றம் ஏற்றது 2019-ல்தான், அதற்குள் எத்தனையோ பேர் போய்ச் சேர்ந்துவிட்டார்கள்.

எதிர்ப்பக்கம் பிரேசில். 2003-ல் தொடங்கிய போல்சா ஃபமிலியா திட்டத்தில் ஏழைக் குடும்பங்களுக்கு மாதாமாதம் பணம் கொடுத்தார்கள், பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்ப வேண்டும், தடுப்பூசி போட வேண்டும் என்பதுதான் நிபந்தனை. டிபிக்கென்று யாரும் அந்தத் திட்டத்தைப் போடவில்லை. ஆனால் பல கோடிப் பேரின் பதிவுகளை வைத்துப் பார்த்தபோது, பணம் வாங்கிய மிக ஏழைகளிடையே டிபி ஏறக்குறைய பாதியாகக் குறைந்திருந்தது.

நம் நாட்டிலும் பணம் உண்டு. 2018-லிருந்து நோயாளிக்கு மாதம் 500 ரூபாய், 2024 நவம்பரிலிருந்து 1,000. எங்கள் அண்ணன் காலத்தில் 500. ஒரு நாளைக்குப் பதினாறு ரூபாய் சொச்சம், இரண்டு முட்டை வாங்கிவிட்டு மீதியைச் சேர்த்து வைத்தால் வாரம் ஒரு டீ குடிக்கலாம். அதுவும் பாஸ்புக்கில் ஏதோ எழுத்துப் பிழை என்று கடைசியில்தான் வந்தது. அவருடைய ஒரு நாள் கூலிக்கும் அந்த மாதத் தொகைக்கும் எவ்வளவு தூரம் என்று யோசித்துப் பாருங்கள். டிபி வந்த குடும்பங்களில் ஏறக்குறைய பாதி, வருட வருமானத்தில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் அந்த நோயால் இழக்கின்றன என்று உலக அளவில் கணக்கு இருக்கிறது. மருந்து இலவசமாக இருந்தும்!

தமிழ்நாடு 2022-ல் தொடங்கிய காசநோய் இறப்பில்லாத் திட்டம் எனக்குப் பிடித்திருக்கிறது. நோய் தெரிந்த உடனேயே எடை, உயரம் பார்க்கிறார்கள், மூச்சுத் திணறல் உண்டா, எதையும் பிடிக்காமல் எழுந்து நிற்க முடிகிறதா என்று பார்க்கிறார்கள், மிகவும் மெலிந்துபோனவர்களை ஆஸ்பத்திரியில் சேர்த்துச் சாப்பாட்டோடு சிகிச்சை தருகிறார்கள். பெரிய கருவி எதுவும் வேண்டாம் அதற்கு.

சரி, அண்ணன் விஷயம். நான் கத்திய கத்தலில் ஒன்றும் நடக்கவில்லை. சுகாதாரப் பணியாளர் அக்கா வீட்டுக்கே வந்து உட்கார்ந்து பேசினார், தெருவில் நாலைந்து வீட்டில் பணம் போட்டு மளிகைக் கடையில் ஒரு கணக்கு வைத்தோம், கடைக்காரர் பருப்பும் கடலையும் முட்டையும் கொடுப்பார். அது தர்மம் மாதிரி ஆகிவிடக் கூடாதே என்று எனக்கு உறுத்தல், அவருக்கு அதைவிடக் கூச்சம். முதல் வாரம் கடைக்கு அவர் போகவில்லை, மகளை அனுப்பினார். ஆறு மாதம் முடிந்தபோது 48 கிலோ. இப்போது மறுபடி சாரத்தில் ஏறுகிறார்.

அவர் மனைவிக்கும் எக்ஸ்ரே எடுத்தார்கள், ஒன்றும் இல்லை என்று வந்தது. சித்தாள் வேலைக்குப் போகிறவர், அந்த ஆறு மாதமும் வீட்டை ஓட்டியவர் அவர்தான். அன்றைக்கு அவரையும் தராசில் ஏறச் சொன்னார்கள். 37 கிலோ. அவருக்கு நோய் இல்லை என்பதால் அந்த 500 ரூபாயும் இல்லை, மளிகைக் கணக்கு போட்டபோது எங்கள் யாருக்கும் அவர் நினைவு வரவும் இல்லை.