வளவுக்குள் வெளிச்சம்

செட்டிநாட்டுக் கானாடுகாத்தானில் இருக்கும் எங்கள் வீட்டின் சின்ன மாதிரியை லெகோ பொம்மை பிரிக்கில் கட்டி முடிக்கவே ரெண்டு மாசம் ஆனது. முகப்பு, வளவு (நடு முற்றம்), பட்டாசாலை (கூடம்) எல்லாம் சரியாக வந்துவிட்டது, லைட் போடுவது ஒரு சாயங்கால வேலை என்று நினைத்தேன். நினைப்புதான்.

முதலில் வெள்ளை எல்இடி ஸ்ட்ரிப் ஒன்றை வளவுக்கு மேலே ஒட்டினேன். அப்பத்தா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்து பார்த்துவிட்டு, "ஏண்டா, மருந்துக் கடையா கட்டியிருக்கே? ராத்திரி வளவுல ஏது வெளிச்சம், பட்டாசாலையில எரியற பல்பு வெளிச்சம்தானே அங்க வந்து விழும்" என்றார். சரிதானே! வளவு பகலில் வானத்திலிருந்து வெளிச்சம் வாங்குகிற இடம், ராத்திரி அதுவாக எரியாது. ஸ்ட்ரிப்பைப் பிய்த்துப் போட்டுவிட்டு, மெல்லிய ஒயர் வைத்தே வருகிற பொடி எல்இடி வாங்கினேன். அந்த அளவை 0805 என்பார்கள், 2 மில்லிமீட்டர் நீளம்தான், மஞ்சள் வெளிச்சம். அதைத் தாழ்வாரக் கூரைக்கு அடியில், தூணுக்குப் பின்னால் ஒளித்து வைத்தேன்.

பிரிக்கின் மேலே இருக்கும் குமிழ்களுக்கு நடுவே 3.2 மில்லிமீட்டர் சந்து இருக்கிறது, ஒயரை அதில் படுக்கவைத்து மேல் பிரிக்கை அழுத்தினால் போதும். ஆனால் ஒயர் கொஞ்சம் நகர்ந்து குமிழ் மேல் ஏறியிருந்தால், அழுத்துகிற அழுத்தில் நறுக்கென்று போய்விடும். எனக்கு ரெண்டு போனது.

அப்புறம் வளைவு மேலே கலர் கண்ணாடிக்குச் சிவப்பு எல்இடி. சோம்பேறித்தனமாக அதையும் ஒரு வெள்ளை எல்இடியையும் இணையாகச் சேர்த்து கரண்டை மட்டுப்படுத்துகிற ரெசிஸ்டர் ஒன்றிலேயே மாட்டினேன், சிவப்பு மட்டும் எரிந்தது, வெள்ளை முழிக்கவே இல்லை. சிவப்புக்குச் சுமார் 2 வோல்ட் போதும், வெள்ளைக்கு 3 வோல்ட் பக்கம் வேண்டும். சேர்த்துக் கட்டினால் சிவப்பு வோல்டேஜைத் தன் அளவுக்கு இழுத்துப் பிடித்துவிடும். ஒவ்வொன்றுக்கும் தனி ரெசிஸ்டர்தான் வழி. 5 வோல்ட் சார்ஜருக்கு 220 ஓம் என்று கணக்குப் போட்டேன், வெள்ளைக்கு 9 மில்லி ஆம்பியர் வருகிறது, இந்தச் சின்ன வீட்டுக்கு அதுவே கண்ணைக் கூசியது. கடைசியில் 1000 ஓம் போட்டதும்தான் பல்பு வெளிச்சம் மாதிரி இருந்தது.

எதிர்பார்க்காத தொல்லை சுவர்தான். வெளிர் நிற பிரிக்கில் வெளிச்சம் ஊடுருவி சுவரே எரிகிறது, மூலைக்கு மூலை கீற்று வேறு. உள்ளே அலுமினியத் தாளை ஒட்டினேன், அது ஒயரை சால்டர் வைத்துப் பற்றவைத்த இடத்தில் பட்டு ஷார்ட் ஆனது (ஆகாமல் என்ன செய்யும்), இப்போது கறுப்பு சார்ட் பேப்பர். ஆத்தங்குடிக் கல் என்று நான் போட்ட வழவழப்பான தளத்தில் ஒவ்வொரு எல்இடியும் புள்ளி புள்ளியாகத் தெரிந்தது, அதற்கு பட்டர் பேப்பர் ஒரு துண்டு.

நேற்று கரண்ட் போனபோது பவர் பேங்கில் மாட்டினேன். அரை நிமிஷத்தில் அணைந்துவிட்டது. 12 எல்இடியும் சேர்ந்து 30 மில்லி ஆம்பியர்கூட இழுப்பதில்லை, எதுவுமே மாட்டவில்லை என்று நினைத்து அது தானாகத் தூங்கப் போய்விடுகிறது. இப்போதைக்கு மூன்று பென்டார்ச் பேட்டரியை வரிசையாகப் போட்டு வீட்டுக்குப் பின்கட்டில் ஒளித்து வைத்திருக்கிறேன்.